கடலில் போனவரைக் கூப்பிட்ட நாள்

1951-க்குப் பிறகு பயமில்லாமல் இருந்த நாள் ஒன்றைச் சொல் என்றால் நான் விழிப்பேன். இத்தனைக்கும் நான் கோழை இல்லை. பண்ணைக்காட்டில் எங்கள் காப்பித் தோட்டத்துக்குள் காட்டெருமை வந்து நின்றால், தகர டின்னைத் தட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போகிறவன் நான்தான். நான் பயந்தது ஒரு போட்டோவுக்கு.

பழனி அடிவாரத்தில் சேனாதிபதி ஐயாவின் வீட்டுக் கூடத்தில் அந்தப் போட்டோ தொங்கியது. ஐயாவுக்குக் கோயில் வாசலில் பூஜைச் சாமான் கடை. போட்டோவில் இருந்தது அவருடைய மூத்த மகன் ஞானவேல். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை, கக்கத்தில் இடுக்கிய தொப்பி, சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம். யுத்த காலத்தில் கப்பற்படையில் சப்-லெப்டினன்டாகச் சேர்ந்தவன். கல்யாணமான மறுமாதமே கப்பலுக்குப் போனான். 1943 ஐப்பசியில் வங்காள விரிகுடாவில் அந்தக் கப்பலை ஜப்பான்காரர்கள் டார்பிடோ போட்டு மூழ்கடித்துவிட்டார்கள். சிலர் உயிரோடு கரை சேர்ந்தார்கள், சிலர் பிணமாக ஒதுங்கினார்கள். ஞானவேல் இரண்டிலும் இல்லை. காணவில்லை என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அதனால் அந்தப் போட்டோவுக்கு யாரும் மாலை போடவில்லை. மாலை போட்டிருந்தால் நான் ஏன் பயப்படப் போகிறேன்?

ஞானவேல் விட்டுவிட்டுப் போன மனைவி வடிவு. அவள்தான் இப்போது என் மனைவி.

அவளுடைய அண்ணன் சுப்புராஜ் அய்யம்பாளையத்துக்காரர், கறுப்புச் சட்டைக் கட்சி. எட்டு வருஷம் தங்கையை மனைவியும் இல்லாமல் விதவையும் இல்லாமல் பார்த்துப் பொறுக்கமுடியாமல், ஐயரும் இல்லாமல் அக்கினியும் இல்லாமல் ஒரு மேடையில் வைத்து எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். மேடையில் நாலு பேர் பேசினார்கள். பெண்ணடிமை ஒழிக என்று கத்தினார்கள். நானும் கத்தினேன். சேனாதிபதி ஐயா வரவில்லை, தடுக்கவும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் சொல்லி அனுப்பினார்: "அவன் வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அந்தக் கேள்வி நான் போகிற இடமெல்லாம் கூடவே வந்தது. மலைவாழைத் தார் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் பெருமாள்மலைக்குப் போவேன். கொடைக்கானலுக்குப் போகிற பஸ்கள் அங்கே நின்று போகும். ஒட்ட வெட்டிய முடியோடு உயரமாக எவனாவது இறங்கினால் அவன் முகத்தைப் பார்க்காமல் ஒரு தாரையும் இறக்கமாட்டேன். ஒருமுறை அப்படி ஒருவன் பின்னாலேயே போய் டீக்கடையில் அவனுக்கு எதிரில் உட்கார்ந்து முறைத்தேன். அவன் இன்ஷூரன்ஸ் ஏஜண்ட். தப்பித்து வருவதற்குள் பாதி பாலிசி எடுத்துவிட்டேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஞானவேல் கட்டிய தாலியை வடிவு கழற்றி மாமனாரிடம் கொடுத்தபோது அவர் வாங்கவில்லை. "கட்டுனவன் வந்து வாங்கிக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டார். அதை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருந்தாள். அந்தப் பானை அரிசியைத்தான் நான் தினம் மூன்று வேளை தின்றேன். பழனியில் வாழ்க்கைப்பட்டவள், ஆனால் காவடி போகும்போது மற்றவர்கள் "வேல் வேல்" என்றால் இவள் "அரோகரா" மட்டும் சொல்வாள். புருஷன் பெயரில் பாதி அது, அதை அவள் வாயால் எப்படிச் சொல்வாள்? என்னைக் கட்டிக்கொண்ட பிறகும் அவள் சொல்லவில்லை. என் பெயரையும் சொல்லமாட்டாள், அது ஊர் வழக்கம். ஆனால் செத்துப்போனவன் பெயரைச் சொல்லத் தயங்குகிறாள் என்றால், அவளுக்கு அவன் சாகவில்லை என்றுதானே அர்த்தம்? இதை அவளிடம் கேட்கவும் எனக்குப் பயம்.

முதல் பிள்ளை நாலாம் மாதம் தங்காமல் போனது. இரண்டாவது ஆறாம் மாதம். இரண்டாவது முறை பெண் குழந்தை, விரல்களெல்லாம் முளைத்திருந்தன. தோட்டத்தில் வேலை செய்யும் மாயக்காள்தான் அதை என்னிடம் காட்டாமல் துணியில் சுற்றி எடுத்துப்போனாள். அவள் கீழ்மலைக் காட்டில் வாழும் பளியர் குடிப் பெண், எத்தனையோ பிரசவம் பார்த்தவள். அன்று இரவெல்லாம் வடிவு அழவில்லை. விடிந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"அவுக விடமாட்டேங்காக."

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் அல்லவா?

மூன்றாவது தங்கி ஏழாம் மாதம் நடந்தது. கொடைக்கானல் ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டரம்மா ஜீப் கூடாது, பஸ் கூடாது, மலை இறங்கவே கூடாது என்று சொல்லி வீட்டோடு படுக்கவைத்துவிட்டாள். நர்ஸ் புருஷன் பெயர் கேட்டபோது வடிவு மிரண்டு என்னைப் பார்த்தாள். நான் என் பெயரை நாச்சிமுத்து என்று சத்தமாகச் சொன்னேன். அந்த அறையில் இன்னொருவன் நின்றாலும் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தம்.

அந்த ஐப்பசியில்தான் சேனாதிபதி ஐயா எங்கள் வீட்டுக்கு வந்தார். கூடவே இளைய மகன் குழந்தைவேலும், சடங்கு செய்கிற பண்டாரம் ஒருவரும், ஒரு சாக்கு தர்ப்பைப் புல்லும். ஐயாவின் மனைவி புரட்டாசியில் இறந்துபோயிருந்தாள். அவள் இருந்தவரை மகனுக்குக் காரியம் செய்ய விடவே இல்லை. சாகும்போதுதான், நான் போய் அவனை அங்கே தேடிப் பார்க்கிறேன், நீங்கள் இங்கே முடித்துவிடுங்கள் என்றாளாம்.

"பன்னெண்டு வருசம் முடிஞ்சிருச்சு. ஆள் கெடைக்காதவுகளுக்கு அதுதான் கெடு" என்றார் ஐயா. தோள் எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது. "புல்லுல உருவம் பண்ணி எரிச்சிறணும். வடிவு பழனிக்கு வரமுடியாதுன்னாக. அதான் நாங்க வந்துட்டோம். ஒங்க தோட்டத்துக்குக் கீழ ஆறு ஓடுதுல்ல, அது போதும். எந்தத் தண்ணியும் கடலுக்குத்தான போகுது?"

எங்கள் ஆற்றுத் தண்ணீர் வைகையில் சேர்ந்து கடலைப் பார்க்கிறதா என்பதை ராமநாதபுரத்துக்காரர்கள்தான் சொல்லவேண்டும். ஆனால் என் பாரம் இறங்கியது. எரித்துவிட்டால் முடிந்தது. போட்டோவுக்கு மாலை விழுந்துவிடும். என் பிள்ளை பிழைக்கும்.

"அதுக்கு வடிவு எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"கூப்பிடணும்ல."

அப்போதுதான் அந்தக் குடும்பத்து வழக்கத்தைச் சொன்னார். உருவத்தை எரிக்கும்முன் தண்ணீரைப் பார்த்து, போனவனை மூன்று தடவை கூப்பிடவேண்டும். யார் கூப்பிட்டால் அவனால் வராமல் இருக்கமுடியாதோ அவர்தான் கூப்பிடவேண்டும். தாய், இல்லாவிட்டால் அவன் தாலி கட்டிய பெண். பதில் வராவிட்டால் தீ வைக்கலாம். பதில் வந்தால் ஆள் எங்கோ உயிரோடு இருக்கிறான், தொடக்கூடாது, மறுபடி பன்னிரண்டு வருஷம்.

"அப்படிப் பதில் வந்திருக்குங்களா?"

"எங்க அய்யா காலத்துல ரங்கூன் போன ஒருத்தர இப்படிக் கூப்பிட்டாக. தோப்புல ஆந்தை கத்துச்சு. அதையே பதிலா வச்சு நிறுத்திட்டாக. மறுவருசம் அந்தாளு ட்ரங்குப் பெட்டியோட வந்து எறங்கிட்டாரு" என்றார் ஐயா.

எனக்கு இறங்கிய பாரமெல்லாம் ஏறிக்கொண்டது. உள்ளே கட்டிலில் கிடந்த வடிவு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் போனபோது அவள் கை சில்லென்றிருந்தது. "நான் கூப்பிட்டு அவுக வந்துட்டா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உசுரோட எங்கிட்டாச்சும் இருந்து, நாங்க எரிச்சதுனால செத்துட்டா?" என்றாள். சும்மா இரு என்று எரிந்துவிழுந்தேன். பயந்தவனுக்குக் கோபம்தான் கைவசம் இருக்கும்.

மறுநாள் வெள்ளனே பனி இறங்கிவிட்டது. எங்கள் பக்கத்துப் பனி ஒரு தடவை இறங்கினால் பத்து மணி வரை நகராது, முற்றத்தில் நிற்கிற ஆரஞ்சு மரமே தெரியாது. வடிவை நாற்காலியில் உட்காரவைத்து மெதுவாகத் தூக்கிப்போனார்கள். மாயக்காள் கூடப் போனாள். வாசலில் என்னை நிறுத்தி விரலை ஆட்டினாள்.

"நீங்க அந்தப் பக்கமே வரக்கூடாது மொதலாளி. பழைய ஆளக் கூப்பிடுற எடத்துல புது ஆளுக்கு என்ன சோலி? வீட்லயே கெடங்க."

சரி என்று தலையாட்டினேன். அவர்கள் பனிக்குள் மறைந்ததும் சுற்று வழியாக இறங்கினேன். என்னால் அந்த வீட்டுக்குள் இருக்கமுடியவில்லை. ஆற்றுக்கு மேலே காப்பிச் செடிகளுக்குள் குந்தி உட்கார்ந்தேன். எதுவும் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம், பண்டாரத்தின் முணுமுணுப்பு, இலையிலிருந்து என் கழுத்தில் சொட்டுகிற நீர், அவ்வளவுதான்.

பார்க்காவிட்டாலும் என்ன நடக்கிறது என்று பேச்சிலிருந்து தெரிந்தது. புல்லில் கை கால் கட்டியாகிவிட்டது. தலைக்குத் தேங்காய் வைத்தாகிவிட்டது. அவனுடைய வெள்ளைச் சட்டையை ஐயா கொண்டுவந்திருந்தார், அதை உடுத்துகிறார்கள். பட்டன் போடும்போது அவர் பண்டாரத்தைத் திட்டினார், "பைய போடுங்க, பிஞ்சிரப் போகுது." எரிக்கப்போகிற சட்டைக்கு அந்த அக்கறை. மஞ்சள் துணியை அவிழ்த்து அந்தத் தாலியை உருவத்தின் மார்பில் வைக்கச் சொன்னார்கள்.

"இப்பக் கூப்பிடணும் தாயி," என்றார் பண்டாரம். "ஒவ்வொரு தடவையும் நின்னு காது குடுத்துக் கேக்கணும். பயப்படாதீக."

ஆறு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பேசிவிடக்கூடாது, ஒரு பறவைகூடக் கத்திவிடக்கூடாது என்று பழனி மலைக்காரனை வேண்டினேன்.

"ஏங்க..." என்றாள் வடிவு. "ஏங்க, வந்துருங்க!"

"இந்தா வந்துட்டேன்."

சொன்னது நான். சத்தியமாக நான் வேண்டுமென்று சொல்லவில்லை. நாலு வருஷமாக அந்தக் குரல் அடுப்படியிலிருந்து வந்தாலும் கிணற்றடியிலிருந்து வந்தாலும் என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொல்லிப் பழகிவிட்டது. சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்து என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

கீழே ஏதோ வெண்கலத் தட்டு பாறையில் விழுந்து உருண்டது. பிறகு ஐயாவின் குரல். அப்படி ஒரு குரலை அந்த மனிதரிடம் நான் அதுவரை கேட்டதில்லை.

"கேட்டியாலே? ஏலே குழந்தைவேலு, கேட்டியா? பேசிட்டான்! வந்துட்டேங்கான்லே! அந்தச் சட்டையக் கழட்டுங்க. வெரசாக் கழட்டுங்க. எம் பிள்ளைக்கு வேணும்!"

குழந்தைவேல் ஓவென்று அழுதான். பண்டாரம் முருகனைக் கூப்பிட்டார். இவ்வளவுக்கும் நடுவில் வடிவின் குரல் மட்டும் கேட்கவில்லை.

நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? அந்த மனிதர் சந்தோஷமாக மலை இறங்கிப்போவார். பன்னிரண்டு வருஷம் பஸ் ஸ்டாண்டில் போய் நிற்பார். அதற்குள் செத்தும் போவார், மகன் உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்போடு. அப்படிச் சாக எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? வெளியே போனால் அவர் முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? பயம் என்றால் அன்றுதான் எனக்கு உண்மையான பயம். அதுவரை இருந்ததெல்லாம் விளையாட்டு.

அப்போது அவள் பேசினாள். "மாமா... வரச் சொல்லாதீங்க மாமா. எனக்கு வயித்த வலிக்குது."

"மொதுவா மூச்சு விடு தாயி, மொதுவா," என்றாள் மாயக்காள். "யாராச்சும் அந்தப் போர்வையக் குடுங்கப்பா!"

செடிகளை முறித்துக்கொண்டு சறுக்கிப் போய் அவர்கள் நடுவில் விழுந்தேன். பனியிலிருந்து ஒரு ஆண் உருவம் வருவதைக் கண்டு குழந்தைவேல் அலறிப் பின்வாங்கினான். ஐயா மட்டும் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தார். கிட்டத்தில் வந்து என் முகம் தெரிந்த பிறகும் அந்தக் கைகள் கொஞ்ச நேரம் நீண்டபடியே இருந்தன.

"நான்தாங்க," என்றேன். "நான்தான் பேசினேன்."

அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கைகளை இறக்கி வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"நீ எதுக்குலே இங்க வந்த?"

"பயமா இருந்துச்சுங்கய்யா."

"என்ன பயம்?"

"யாராச்சும் பதில் சொல்லிருவாகளோன்னு."

யாரும் சிரிக்கவில்லை. மாயக்காள் மட்டும் என்னைக் கொன்றுவிடுவது மாதிரி பார்த்துவிட்டு வடிவின் வயிற்றைப் பிடித்துவிட்டாள். வலி விட்டுவிட்டது, பிரசவ வலி இல்லை, சூட்டு வலிதான் என்றாள். வடிவின் உதடு வெளுத்திருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பாறைமேல் கிடந்த வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பண்டாரம் தர்ப்பையை ஒதுக்கிவைக்க ஆரம்பித்தார். "யாரு சொன்னாலும் பதில் பதில்தான். இன்னைக்கு இனிமேத் தீ வைக்கக் கூடாது. மறுபடி கெடு வச்சுத்தான் பாக்கணும்" என்றார்.

ஐயாவின் முகத்தில் ஒரு ஆறுதல் வந்ததை நான் பார்த்தேன். பதில் சொன்னது யார் என்று தெரிந்த பிறகும், பன்னிரண்டு வருஷம் கிடைத்தால் போதும் என்று அந்த மனிதர் நினைக்கிறார். பன்னிரண்டு வருஷம் அந்தத் தாலி திரும்பவும் என் அரிசிப் பானைக்குள் கிடக்கும். ஏழு மாதப் பிள்ளை அந்த வீட்டில்தான் பிறக்கவேண்டும், பிறந்தால்.

வடிவு நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தாள். மாயக்காள் தடுத்தாள், கேட்கவில்லை.

"பதில் வரல," என்றாள் பண்டாரத்திடம். "நான் கூப்பிட்டது இவுகளக் கூப்பிடுற மாதிரி. இவுகளத்தான கூப்பிட்டுப் பழக்கம்? அதான் இவுக வந்துட்டாக. அவுகள நான் இன்னும் கூப்பிடவே இல்ல."

பண்டாரம் ஐயாவைப் பார்த்தார். ஐயா தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் தண்ணீர் ஓரத்துக்குப் போனாள். என்னை விட்டு நாலடி தூரத்தில்தான் நின்றாள், ஆனால் கையை நீட்ட எனக்குத் தைரியம் இல்லை. வாயைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள்.

"ஞானவேலு!"

ஒரு மனைவி புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அந்தப் பெயரை அவள் குரலில் கேட்பது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. அந்நியனைக் கூப்பிடுவது போல, 'ங்க' இல்லாமல், மரியாதை இல்லாமல் கூப்பிட்டாள். சொல்லும்போதே அவனை விட்டுவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. புரிந்தும் பயம் போகவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தண்ணீர் ஓடியது. பனிக்குள் ஒன்றும் அசையவில்லை.

"ஞானவேலு!"

குழந்தைவேல் கண்ணை மூடிக்கொண்டான். வாய்க்குள் அண்ணா, அண்ணா என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் இத்தனை வருஷம் வெறுத்துப் பயந்த அந்த முகம் என் கண்முன் வந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்ட முகம். இருபத்துநாலு வயது. நடுக்கடலில் இருட்டுத் தண்ணீரில் அவன் எவ்வளவு பயந்திருப்பான்? யாரைக் கூப்பிட்டிருப்பான்? இதை ஒருநாளும் நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மூன்றாவது தடவை அவளுக்குக் குரல் உடைந்துவிட்டது. "ஞான..." என்று ஆரம்பித்து முடிக்கமுடியாமல் நின்று, மூச்சை இழுத்து, மலை முழுக்கக் கேட்கிற மாதிரி அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"ஞானவேலு!"

நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எதிர்க்கரையில் ஒரு இலைகூட அசையவில்லை. வடிவு திரும்பவே இல்லை, பதில் வாங்காமல் போகமாட்டேன் என்பது போல நின்றாள். யாராவது ஏதாவது சொன்னால்தான் அங்கிருந்து நகரமுடியும் போலிருந்தது.

ஐயா அவளுக்குப் பக்கத்தில் போய் நின்றார். மகனைத் தேடி வீட்டு வாசலுக்கு வந்த ஒருவருக்குச் சொல்வது போல, மெதுவாகச் சொன்னார்.

"அவன் இல்லம்மா."

பிறகு குழந்தைவேலின் கையிலிருந்த கற்பூரத்தை வாங்கினார். பெற்றவன் கொள்ளி வைக்கக்கூடாது என்று சொல்லப் பண்டாரம் வாயெடுத்தார். ஐயா அவர் பக்கம் திரும்பவில்லை. பாறைமேல் கிடந்த சட்டையை எடுத்துத் தானே அந்த உருவத்துக்குப் போட்டுவிட்டு, மேலே இருந்து கீழே வரை எல்லாப் பட்டனையும் மாட்டி, கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, தாலியையும் மார்பில் வைத்து, தீ வைத்தார்.